ஹேமக் கட்ட பெல்ட்டும் கொக்கியும்: மலையோரத்து ஆட்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்று தேனியிலிருந்து இடுக்கிக்கு எந்தப் பாதையில் மலையேறினாலும் இப்போது பைக்குப் பின்னால் ஒரு ஹேமக் பொட்டலம், அதாவது இரண்டு மரத்துக்கு நடுவே கட்டிப் படுக்கும் துணித் தொட்டில், தொங்குவதைப் பார்க்க முடிகிறது. துணி வாங்குவதில் யாருக்கும் குழப்பமில்லை. மரத்தில் எதைக் கொண்டு கட்டுவது என்பதில்தான் குழப்பம். கடைக்காரர் பளபளக்கும் கொக்கியைக் காட்டுகிறார், நண்பர் லாரி பெல்ட் போதும் என்கிறார், வீட்டில் ஊஞ்சல் சங்கிலி சும்மா கிடக்கிறது. சாந்தன்பாறை, பூப்பாறை, நெடுங்கண்டம் பக்கத்துத் தோட்டங்களில் தங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: காசைப் பெல்ட்டில் போடுங்கள், இரும்பில் போடாதீர்கள். நல்ல பெல்ட்டும் சரியான சாய்வும் இருந்தால், கொக்கிக்குப் பதில் ஒரு குச்சி போதும்.

ஹேமக்கோடு வந்த கயிறும் கொக்கியும் போதாதா?

பெரும்பாலும் போதாது. விலை குறைந்த பொட்டலங்களில்கூட துணி நன்றாகவே இருக்கும். விலையைக் குறைக்கக் கை வைப்பது கயிற்றிலும் கொக்கியிலும்தான். கூட வரும் மெல்லிய கயிறு இழுபடும், மரப்பட்டைக்குள் பதியும், முடிச்சு இறுகினால் அவிழாது. எஸ் வடிவக் கொக்கி வந்திருந்தால் அதைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். அதன் வாய் எப்போதும் திறந்தே இருக்கிறது. ஆள் எழுந்து பாரம் குறைந்ததும் நழுவிக் கழலும், பாரம் ஏறினால் வளைந்து விரியும்.

நான் 80 கிலோ. 100 கிலோ தாங்கும் கயிறு போதும்தானே, அண்ணே?

போதாது. எல்லோரும் தப்பாகக் கணக்குப் போடும் இடம் இது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

உங்கள் எடையை இரண்டு பக்கத்துப் பெல்ட்டும் பாதிப் பாதியாக, 40 கிலோ 40 கிலோவாகப் பிரித்துக்கொள்வதில்லை. பெல்ட் செங்குத்தாகத் தொங்கினால் மட்டுமே அந்தக் கணக்கு சரி. சாய்வாக இழுக்கும் பெல்ட்டில் விசை கூடும். தரைக்கு இணையான கோட்டிலிருந்து பெல்ட் 30 டிகிரி சாய்ந்திருந்தால், 80 கிலோ ஆளுக்கு ஒவ்வொரு பெல்ட்டிலும் 80 கிலோ இழுவை வரும். 15 டிகிரி என்றால் சுமார் 155 கிலோ. 10 டிகிரிக்கு 230. கொடிக்கயிறு மாதிரி விறைப்பாக 5 டிகிரியில் இழுத்துக் கட்டினால் ஏறக்குறைய 460 கிலோ. ஆள் அதே ஆள்தான், அசையாமல்தான் படுத்திருக்கிறார். பொத்தென்று உட்கார்ந்தாலோ ஆடினாலோ இன்னும் ஏறும்.

தொய்வாகக் கட்டச் சொல்வது இதற்காகத்தான். தொய்வாகக் கட்டினால் பெல்ட், கொக்கி, மரம், துணி நான்குக்குமே பாரம் குறைகிறது. முதுகுக்கும் அதுதான் நல்லது. விறைப்பான ஹேமக் இரண்டு தோளையும் நெருக்கும். தொய்வானதில் கொஞ்சம் குறுக்காகப் படுத்தால் முதுகு ஏறக்குறைய மட்டமாக இருக்கும்.

30 டிகிரியில் வரும் இழுவையைப்போல் ஐந்து மடங்கு தாங்குகிற பெல்ட்டாகப் பாருங்கள். 80 கிலோ ஆளுக்கு 400 கிலோ. ஹேமக்குக்கென்றே விற்கும் 1 அங்குல பாலியெஸ்டர் பெல்ட்கள் பல 1,500 பவுண்டு, அதாவது சுமார் 680 கிலோ என்று குறிக்கப்பட்டிருக்கும். நிம்மதியாக நம்பலாம்.

30 டிகிரியை மலையில் எதை வைத்து அளப்பது?

கையை வைத்துத்தான். ஆள்காட்டி விரலை நேராக நீட்டி, கட்டைவிரலை அதற்குச் செங்குத்தாக விரியுங்கள். ஆள்காட்டி விரல் தரைக்கு இணையாக இருக்கட்டும். அதன் நுனியையும் கட்டைவிரல் நுனியையும் சேர்க்கும் கோடு ஏறக்குறைய 30 டிகிரி. பெல்ட்டை இந்தக் கோட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆள் உட்கார்ந்திருக்கும்போதே பார்க்க வேண்டும். காலி ஹேமக்கில் தெரியும் சாய்வு ஏமாற்றும்.

மரங்களுக்கு நடுவே எத்தனை அடி வேண்டும்? பெல்ட்டை எந்த உயரத்தில் சுற்றுவது?

11 அடித் துணிக்கு 12 முதல் 15 அடி இடைவெளி வசதி. உட்காரும்போது துணியின் அடி தரையிலிருந்து ஒன்றரை அடி, அதாவது நாற்காலி உயரத்தில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 12 அடி இடைவெளிக்கு ஏறக்குறைய 5 அடி உயரத்திலும், 15 அடிக்கு 6 அடி உயரத்திலும், 18 அடிக்கு ஏழு அடிக்குக் கொஞ்சம் குறைவாகவும் பெல்ட் வரும். சரிவான நிலத்தில் மேட்டுப் பக்கத்து மரத்தில் தாழ்வாகவும் பள்ளத்து மரத்தில் உயரமாகவும் சுற்ற வேண்டும். இரண்டு பெல்ட்டும் ஒரே மட்டத்தில் வந்தால் சரி. மரத்தடியிலிருந்து அளந்தால் தப்பாகும்.

ஒன்றரை அடிக்கு மேல் உயர்த்தாதீர்கள். எது அறுந்தாலும் விழும் உயரம் அவ்வளவோடு நிற்கட்டும். பாறை மேல், ஓடை மேல், தேயிலைச் சரிவின் விளிம்பில் கட்டிப் படம் எடுக்கிறவர்களைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம்.

ஒவ்வொரு இடத்திலும் தொய்வு மாறிவிடுகிறதே?

ஹேமக்கின் இரண்டு முனைகளையும் இணைத்து ஒரு மெல்லிய கயிறு கட்டுங்கள். ரிட்ஜ் லைன் என்பது இதுதான். துணி நீளத்தில் 83 சதவீதம் என்பது பரவலாகப் பின்பற்றும் அளவு. 10 அடித் துணிக்கு சுமார் 8 அடி 4 அங்குலம், 11 அடிக்கு 9 அடி ஒன்றரை அங்குலம். மரங்களின் இடைவெளி எப்படி மாறினாலும் படுக்கை மாறாது. இழுபடாத 2, 3 மில்லிமீட்டர் கயிறு போதும். படுத்த பிறகு அந்தக் கயிற்றை இரண்டு விரலால் பிடித்து வளைத்துப் பாருங்கள், கொஞ்சம் வளைந்து கொடுக்க வேண்டும். வீணைத் தந்தி மாதிரி விறைத்திருந்தால் பெல்ட்டை இன்னும் உயர்த்துங்கள், அல்லது தளர்த்துங்கள்.

பாலியெஸ்டர், நைலான், பாலிபுரொப்பிலீன்: எது வாங்குவது?

பாலியெஸ்டர்தான். இழுபடுவது குறைவு, நனைந்தாலும் குணம் மாறாது, வெயிலையும் ஓரளவு தாங்கும். நைலான் வலுவானது, ஆனால் இழுபடும், நனைந்தால் இன்னும் இழுபடும். இரவு நாற்காலி உயரத்தில் படுத்தவர் விடியும்போது தரையைத் தொட்டுக்கொண்டிருப்பார். பாலிபுரொப்பிலீன் விலை மலிவு, எடையும் இல்லை. ஆனால் வெயிலில் சீக்கிரம் நொறுங்கும், வழுவழுப்பால் முடிச்சு நழுவும், சுமார் 165 டிகிரியிலேயே உருகத் தொடங்கும். பாலியெஸ்டர் 250-ஐத் தாண்டும். கூடாரத்துக்கும் துணி காயப்போடவும் பாலிபுரொப்பிலீன் சரி. மனிதர் படுக்க வேண்டாம்.

நம் ஊர்க் கயிற்றுக்கடைகளில் ‘நைலான் கயிறு’ என்று கேட்டால் எடுத்துத் தருவது பல நேரம் பாலிபுரொப்பிலீன்தான். சோதிப்பது சுலபம். ஒரு விரல் நீளம் வெட்டி, ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு, காற்றுக் குமிழி போகுமாறு அமுக்கி விடுங்கள். திரும்ப மேலே வந்து மிதந்தால் பாலிபுரொப்பிலீன் வகை. நைலானும் பாலியெஸ்டரும் அடியில் போய் உட்காரும். அந்த இரண்டில் எது என்று அறிய, பெல்ட்டை நனைத்து, கல் நிரப்பிய சாக்கை ஓர் இரவு தொங்கவிடுங்கள். காலையில் சாக்கு நன்றாக இறங்கியிருந்தால் நைலானாக இருக்கும்.

அகலம், நீளம்?

அகலம் குறைந்தது 1 அங்குலம். பட்டை மெலிந்த மரங்களுக்கு ஒன்றரை, 2 அங்குலம் இன்னும் நல்லது. மரத்துக்கு உயிர் ஓடுவது பட்டைக்குச் சற்று உள்ளே இருக்கும் மெல்லிய அடுக்கில். மெல்லிய கயிறு அந்த அடுக்கை நசுக்கும், அகலமான பெல்ட் பாரத்தைப் பரப்பிவிடும். ஒரே மரத்தில் வாரம்தோறும் கட்டுகிறவர்கள் பெல்ட்டுக்கு அடியில் சணல் சாக்கை மடித்து வையுங்கள்.

நீளத்துக்கு ஒரு கணக்கு. ஓர் அடி விட்டமுள்ள மரத்துக்குச் சுற்று மூன்றடிக்குச் சற்று மேல். 15 அடி இடைவெளியில் மரத்திலிருந்து ஹேமக் முனை வரை மூன்றரை அடி. முடிச்சுக்கு ஓர் அடி. ஆக ஒரு பக்கத்துக்கு 8 அடி. 10 அடிப் பெல்ட் இரண்டு வாங்கினால் பெரும்பாலான இடங்களில் சமாளிக்கலாம். வயதான பலா, மா இருக்கும் தோட்டம் என்றால் 12 அடி.

லாரியில் சரக்குக் கட்டும் ராட்செட் பெல்ட் ஆகுமா?

ஆகும், ராட்செட்டை, அதாவது தட்டித் தட்டி இறுக்கும் இரும்புப் பிடியை, மட்டும் கழற்றிவிட வேண்டும். ராட்செட் இருந்தால் கை சும்மா இருக்காது. இரண்டு தட்டு கூடுதலாக இறுக்குவோம், ஹேமக் 5 டிகிரிக்கு விறைத்துவிடும், மேலே சொன்ன 460 கிலோ கணக்கு வந்துவிடும். அது கனமான இரும்பும்கூட. அறுந்தால் அது பாயும் இடத்தில் உங்கள் தலை இருக்கும்.

பெல்ட் மட்டும் அருமையான பொருள். தைத்திருக்கும் லேபிளைப் படியுங்கள். ஐரோப்பிய முறைப்படி லேபிள் போட்ட பெல்ட்டில் நீல லேபிள் பாலியெஸ்டர், பச்சை நைலான், பழுப்பு பாலிபுரொப்பிலீன். எல்.சி. என்ற எழுத்துக்குப் பக்கத்தில் ஓர் எண்ணும் டெகாநியூட்டன் என்ற அலகும் இருக்கும். ஒரு டெகாநியூட்டன் ஏறக்குறைய ஒரு கிலோ இழுவை. எல்.சி. 500 என்றால் 500 கிலோ இழுவையில் வேலை வாங்கலாம், உடையும் அளவு அதற்கும் மேலே. கம்பம், போடியில் லாரி சாமான் விற்கும் கடைகளில் 25 மில்லிமீட்டர் பெல்ட்டைக் கேட்டு, லேபிளைப் பார்த்து வாங்குங்கள். லேபிளே இல்லாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பாரம் தூக்கும் பட்டையான ஸ்லிங்கும் இதைவிடக் குறைந்ததில்லை. இரண்டு முனையிலும் காது, அதாவது மடித்துத் தைத்த வளையம், உள்ள ஊதா நிற ஸ்லிங் 1 டன், பச்சை 2 டன், மஞ்சள் 3 டன் என்பது நிறக்கணக்கு. ஏழு மடங்கு பாதுகாப்பு வைத்துச் செய்வது வழக்கம். ஊதா ஸ்லிங்கை மரத்தில் சுற்றி, ஒரு காதை இன்னொரு காதுக்குள் விட்டு இழுத்தால் முடிந்தது, தைக்கும் வேலையே இல்லை. எடை கொஞ்சம் கூடுதல். ஜீப்பில் போகிறவர்களுக்கு அது பொருட்டில்லை.

பழைய கார் சீட் பெல்ட்? நாடாக் கட்டில் நாடா?

சீட் பெல்ட் நூல் நல்ல பாலியெஸ்டர்தான். ஆனால் காயலான் கடையில் கிடப்பது எந்த விபத்தைப் பார்த்தது, எத்தனை வருடம் வெயிலில் காய்ந்தது என்று யாருக்குத் தெரியும்? ஒருமுறை பலமாக இழுபட்ட பெல்ட் வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும். புதிய சுருளிலிருந்து மீட்டர் கணக்கில் கிடைத்தால் வாங்கலாம்.

கட்டில் நாடா வேண்டாம். கட்டிலில் பல இழை குறுக்கும் நெடுக்குமாகப் பாரத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. ஹேமக்கில் ஒற்றை இழை முழுப் பாரத்தையும் சுமக்க வேண்டும்.

கண்ணி கண்ணியாகத் தைத்த பெல்ட் நல்லதா?

முதல்முறை வாங்குகிறவருக்கு நல்லது. மரத்தில் சுற்றி, பிடித்த கண்ணியில் கேரபினரை, அதாவது வாய் தானே மூடிக்கொள்ளும் வளையக் கொக்கியை, மாட்டினால் வேலை முடிந்தது. முடிச்சே தெரிய வேண்டாம், குழந்தைகள்கூடக் கட்டலாம். குறைகளும் உண்டு: கனம், விலை, கண்ணிக்குக் கண்ணி சில அங்குல இடைவெளி இருப்பதால் நுணுக்கமாகச் சரிசெய்ய முடியாது. வாங்கும்போது தையலை நகத்தால் நெருடிப் பாருங்கள். நெருக்கமான தையல் பல வரிசை இருக்க வேண்டும், நூல் பிசிறக் கூடாது.

ஹூப்பி ஸ்லிங், இழுத்தால் இறுகும் பக்கிள்?

ஹூப்பி ஸ்லிங் என்பது டைனீமா என்ற மிக வலுவான செயற்கை நூல் கயிற்றை அதற்குள்ளேயே நுழைத்துச் செய்த வளையம். எடை மிகக் குறைவு, இழுத்து நீளத்தைச் சரிசெய்யலாம், காசு கூடுதல். முதுகில் சுமந்து வெகுதூரம் நடப்பவர்களுக்கு மட்டும் பொருந்தும். அப்போதும் மரத்தைச் சுற்ற தனிப் பெல்ட் வேண்டும். அந்தக் கயிற்றை நேராக மரத்தில் சுற்றக் கூடாது.

பக்கிள் வசதியானது. ஆனால் பெல்ட்டின் தடிமன் பக்கிளுக்குப் பொருந்தாவிட்டால் மெல்ல மெல்ல நழுவும். இறுக்கிய பிறகு வால் பக்கத்தில் ஓர் உருவு சுருக்கு போட்டுவிடுங்கள்.

எந்தக் கேரபினர் வாங்கலாம்?

உடம்பில் எண் பொறித்ததை மட்டும். 12, 22, 24 என்று எண்ணும், பக்கத்தில் கே.என். என்ற எழுத்தும் இருக்கும். ஒரு கிலோநியூட்டன் என்பது சுமார் 102 கிலோ இழுவை. 12 போட்டது ஹேமக்குக்குத் தாராளம். 22, 24 போட்டது பாறையேறுகிறவர்களுக்கானது, வாங்கினாலும் நஷ்டமில்லை. எண் இல்லாமல் வண்ண வண்ணமாக விற்பது சாவிக்கொத்துக்கு.

கேரபினர் கிடைக்கவில்லை என்றால் இரும்புக்கடையில் எடைஅளவு பொறித்த டி-ஷாக்கிள், அதாவது திருகாணியால் மூடும் டி வடிவ இரும்பு வளையம், கேளுங்கள். திருகாணியை முழுதாக முடுக்கிவிட்டால் அசையாது. பை தைக்கும் கடையில் கிடைக்கும் கம்பி வளையம் வேண்டாம். அதன் இரண்டு முனையும் பற்றவைக்காமல் சும்மா தொட்டுக்கொண்டிருக்கும், ஆள் உட்கார்ந்ததும் விரியும். ஊஞ்சல் சங்கிலி பாரத்தைத் தாங்கும், மரத்தைத்தான் கிழித்துவிடும். பெல்ட்டுக்குப் பிறகு நீளம் போதாத இடத்தில் சேர்க்கலாம்.

கொக்கியே இல்லாமல் முடியுமா?

முடியும், நான் விரும்புவதும் அதைத்தான். இரண்டு வழி சொல்கிறேன்.

முதலாவது குச்சி முறை. பெல்ட்டில் ஓர் உருவு சுருக்கு போட்டு, சுருக்கு முழுதாக இறுகும் முன் அதற்குள் விரல் தடிமனும் நான்கு அங்குல நீளமும் உள்ள குச்சியைச் செருகி இழுங்கள். ஹேமக் முனையிலுள்ள கயிற்று வளையத்தைக் குச்சிக்கு மேலாகக் கொண்டுபோய், குச்சிக்கு மரப் பக்கம் விடுங்கள். வளையம் முடிச்சின் மேல் உட்கார வேண்டும், குச்சியின் இரண்டு முனைகளில் தொங்கக் கூடாது. அப்படி உட்கார்ந்தால் குச்சி முடிச்சைப் பிடித்துக்கொள்ளும் காவல் மட்டும், பாரம் பெல்ட்டோடு போய்விடும். கல்மூங்கில், காய்ந்த கொய்யாக் கிளை இரண்டும் நன்றாக உழைக்கும். காலையில் குச்சியை உருவினால் முடிச்சு தானே அவிழும். உயரம் மாற்ற வேண்டுமா? ஒரு சாண் தள்ளி மறுபடி போடலாம்.

இரண்டாவது வலை பின்னுகிறவர்கள் போடும் முடிச்சு. பெல்ட் நுனியை ஹேமக்கின் கயிற்று வளையத்துக்குள் கீழிருந்து மேலே விட்டு, வளையத்தின் கழுத்தைப் பின்னால் சுற்றி வந்து, பெல்ட்டே வளையத்துக்குள் நுழைகிற இடத்துக்கு அடியில் செருக வேண்டும். நுனியை மடித்துச் செருகினால் ஒரே இழுப்பில் அவிழும். பாரம் ஏற ஏறத் தன்னைத் தானே நெரித்துப் பிடிக்கும். சொரசொரப்பான பாலியெஸ்டரில் அருமையாக நிற்கும். வழுக்கும் டைனீமா பெல்ட்டில் போடாதீர்கள்.

எந்த முடிச்சானாலும் பெல்ட்டின் வலுவில் ஒரு பங்கைத் தின்றுவிடும், பாதி வரைகூடப் போகலாம். 680 கிலோ பெல்ட் வாங்கச் சொல்வதில் இந்தக் கழிவும் அடங்கியிருக்கிறது.

காது தைக்க செருப்புத் தைப்பவரிடம் கொடுக்கலாமா?

பை, தார்ப்பாய் தைக்கும் கனத்த மெஷின் உள்ளவரிடம் கொடுங்கள். பருத்தி நூல் கூடாது, தடித்த பாலியெஸ்டர் நூல் வேண்டும். மூன்று, நான்கு அங்குலம் மடித்து, சதுரம் போட்டு உள்ளே பெருக்கல் குறி போடச் சொல்லுங்கள். அதை இரண்டு முறை ஓட்டச் சொல்லுங்கள். நம்பிக்கையான தையல்காரர் இல்லையென்றால் நுனியை மடித்து ஒரு சாதாரண முடிச்சாகப் போட்டுக் காது செய்துகொள்ளலாம். பார்க்க அழகில்லை, பலம் உண்டு.

எந்த மரத்தில் கட்டலாம்? ரப்பரில், சில்வர் ஓக்கில், பலாவில்?

குறைந்தது ஆறு அங்குல விட்டம், உயிருள்ள மரம், தலைக்கு மேல் பட்ட கிளை இல்லாதது. கட்டும் முன் அண்ணாந்து பார்ப்பது பெல்ட்டைவிட முக்கியம். ஹேமக்கில் படுத்தவர்மேல் கிளை விழுந்தால் உருண்டு ஒதுங்க வழியில்லை.

சில்வர் ஓக் நம் மலையில் எங்கும் நிற்கிறது, நேராக வளரும், பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் காற்றில் முறியும் சுபாவம் உண்டு. ஒல்லியானதைத் தவிருங்கள். அதில் மிளகுக்கொடி ஏறியிருந்தால் தொடவே தொடாதீர்கள். பெல்ட் நெரித்த கொடியில் மேலே உள்ள சரம் முழுவதும் வாடிவிடும், ஒரு வீட்டின் ஒரு வருடக் காசு அது.

ரப்பர் மரத்தில் பால் வெட்டும் பட்டைதான் சொத்து. மழைக்காலத்தில் வெட்டுக்கு மேலே பாலித்தீன் பாவாடை கட்டியிருப்பார்கள். பெல்ட் அதைக் கிழித்தால் மழைநீர் வெட்டுக்குள் இறங்கும். பால் எடுக்கும் தோட்டத்தில் கட்டவே வேண்டாம். ரப்பரும் பலமான காற்றில் ஒடியும் மரம்தான்.

பலா வலுவான மரம், மலையில் எனக்குப் பிடித்தது அதுதான், காய் இல்லாத மாதங்களில். காய்ப்புக் காலத்தில் இரண்டு ஆபத்து. பத்து கிலோ பழம் தலைக்கு மேல் தொங்குகிறது, அதன் வாசத்துக்கு யானை வருகிறது. சின்னக்கானல், சாந்தன்பாறை ஆட்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. அரிசிக்கொம்பன் என்று பேர் வாங்கிய யானையை 2023 ஏப்ரலில் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு பக்கம் கொண்டுபோய் விட்டார்கள். மே மாதம் அது கம்பம் தெருவுக்குள்ளேயே வந்து நின்றது. யானைத்தடம் எது என்று தோட்டத்துக் காவலரிடம் கேட்காமல் ஒரு பெல்ட்கூடச் சுற்றாதீர்கள்.

தென்னைக்கும் அதே தலைபயம். கமுகு பெரும்பாலும் ஒல்லி, வளையும். தைல மரம் கிளையை உதிர்க்கும். மறையூர்ப் பக்கம் சந்தன மரத்துக்குப் பக்கத்திலேயே போக வேண்டாம், அங்கே ஒவ்வொரு மரத்துக்கும் காவல் உண்டு, பெல்ட்டோடு நிற்பவர் பதில் சொல்ல நேரிடும். ஏலத்தோட்டத்தில் மழைக்கு முன் நிழல் மரங்களின் கிளைகளைக் கழிப்பார்கள். புதிதாகக் கழித்த மரத்தில் பாதி வெட்டுப்பட்ட கிளை மேலே சிக்கித் தொங்கலாம்.

மா, பலா இரண்டிலும் முசுறு எறும்பு இருக்கிறதா என்று பாருங்கள். இலைகளை ஒட்டித் தைத்த கூடு தெரிந்தால் வேறு மரம். இருட்டிய பிறகு பெல்ட் வழியே வரிசையாக இறங்கி வரும், போர்வைக்குள் நுழைந்த பிறகுதான் தெரியும்.

ஒரு மரம்தான் இருக்கிறது. இன்னொரு முனையை ஜீப்பில் கட்டலாமா?

இழுவை பக்கவாட்டில் என்பதை நினைவில் வையுங்கள். 30 டிகிரியில் 80 கிலோ ஆள் படுத்தால் ஜீப்பைச் சுமார் 70 கிலோ விசை மரத்தை நோக்கி இழுக்கும். மட்டமான தரையில், கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கல் வைத்தால் வண்டி நகராது. கட்டுவது வண்டிச் சட்டத்தோடு சேர்ந்த கம்பியில் இருக்கட்டும். மேல் கேரியர் பாரம் வைக்க மட்டும் செய்தது, பக்கவாட்டில் இழுக்க நம்ப முடியாது. சரிவில் நிற்கும் வண்டியில் கட்டவே கூடாது.

தோட்டத்து வீட்டுத் திண்ணைத் தூணில்?

செங்கல் தூண், வெட்டுக்கல் தூண், கேட் தூண் எதிலும் கட்டாதீர்கள். மேலிருந்து அழுத்தும் பாரத்தைத் தாங்கக் கட்டியவை அவை, பக்கவாட்டு இழுவையில் அடியோடு சாயும். இப்படித் தூண் சாய்ந்து ஹேமக்கில் இருந்த குழந்தைகள் இறந்த விபத்துகள் உலகில் பல இடங்களில் நடந்திருக்கின்றன. மேலே பீமோடு சேர்த்து வார்த்த கான்கிரீட் தூண் மட்டும் சரி. ஃபேன் கொக்கியும் வேண்டாம்.

இரண்டு பேர் படுக்கலாமா?

இரண்டு பேர் எடையையும் கூட்டி ஐந்தால் பெருக்குங்கள். துணிமேல் எழுதிய அளவையும் பாருங்கள். உட்கார்ந்து பேசலாம். இரவு முழுக்கத் தூங்க ஆளுக்கு ஒன்று. ஒரே மரத்தில் அடுக்கடுக்காக மேலும் கீழும் கட்டுவது வேண்டாம். மேலே இருப்பவர் விழுவது கீழே இருப்பவர்மேல். பிள்ளைகள் ஹேமக்கை ஊஞ்சலாக்கி வீசி ஆடினால் இறக்கிவிடுங்கள்.

மழையில் பெல்ட் வழியாகத் தண்ணீர் உள்ளே வருகிறதே?

மரத்தில் வழியும் நீர் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு துணிவரை வரும். தார்ப்பாய்க்கு உட்புறம், ஹேமக்குக்கு முன்னால், பெல்ட்டில் ஒரு சாண் பருத்திக் கயிற்றைக் கட்டித் தொங்கவிடுங்கள். நீர் அதன் வழியே சொட்டிவிடும். தென்மேற்குப் பருவத்தில் இடுக்கிப் பக்கம் ஜூனிலிருந்து இது இல்லாமல் தூங்க முடியாது. ராமக்கல்மேடு மாதிரி காற்று ஓயாத இடத்தில் முகட்டை விட்டு இறங்கி, மறைவில் கட்டுங்கள்.

காட்டுக்குள் போய்க் கட்டலாமா?

அனுமதி இல்லாமல் கூடாது, தமிழ்நாடு, கேரளா இரண்டிலும். 2018 மார்ச்சில் குரங்கணி மலைத் தீயில் மலையேறப் போன பலர் உயிரிழந்தார்கள். அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்றே விதிகள் வந்தன. மேகமலை 2021-இல் புலிகள் காப்பகத்தோடு சேர்ந்துவிட்டது, அந்தப்புறம் பெரியாறு ஏற்கெனவே காப்பகம். தெரிந்தவர் தோட்டம், அனுமதி பெற்ற முகாம், வனத்துறையே அழைத்துப்போகும் இடம் என்று இருந்துகொள்ளுங்கள். தோட்டமானாலும் முதலாளியிடமும் காவலரிடமும் கேட்டுவிட்டுத்தான் கட்ட வேண்டும்.

பெல்ட்டை எப்போது தூக்கிப் போட வேண்டும்?

ஓரத்தில் வெட்டு, தையலில் அறுந்த நூல், வழுவழுவென்று உருகி இறுகிய திட்டு, நிறம் வெளுத்து மொடமொடப்பு: இதில் ஒன்று இருந்தாலும் போதும், அதை வாழைக்கு முட்டுக் கட்ட வைத்துக்கொள்ளுங்கள். மேலே கொஞ்சம் நூல் பூத்திருப்பது மட்டும் பரவாயில்லை. பலாப் பால் ஒட்டினால் எண்ணெய் தொட்டுத் துடைத்து, சோப்பு நீரில் அலசுங்கள். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும், நிழலில் காயவையுங்கள். அடுத்த முறை கட்டியதும் முதலில் இரண்டு கையாலும் துணியை அழுத்திப் பாருங்கள், பிறகு மெல்ல உட்காருங்கள், ஐந்து நிமிடம் கழித்துக் காலைத் தூக்கிப் போடுங்கள்.